பூட்டிய அறையும் இரும்புக்கையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு நண்பர் ஒருவர் உண்டு. ஐம்பதைக் கடந்தவர், மாதச் சம்பளக்காரர். அவர் வீட்டு மாடியறையில் இரண்டு இரும்பு பீரோக்கள் இருக்கின்றன. அவற்றுள் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் இதழ் எண் வரிசைப்படி, தனித்தனிப் பாலிதீன் உறைகளில், ரசகற்பூர உருண்டை வாசத்தோடு உறங்குகின்றன. சென்ற முறை போயிருந்தபோது திறந்து காட்டினார். ஐந்தாம் வகுப்பில் படித்து, அதன்பின் எங்கு தேடியும் கிடைக்காத ஓர் இதழ் என் கண்ணில் பட்டது. கை தானாக உறைமீது சென்றது. "பிரிச்சுடாதீங்க சார். பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார். குரலில் இருந்த பதற்றம் உண்மையானது. பக்கத்தில் நின்ற அவருடைய மகள் சிரித்தாள். "எனக்கே குடுக்க மாட்டாரு அங்கிள்" என்றாள்.

அந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நூற்றுக்கணக்கான சித்திரக்கதைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சாவி இருக்கிறது. இக்கட்டுரை அந்தச் சாவிக்கு எதிரானது.

நண்பரின் வயதைக் கேலி செய்யப்போகிறேன் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தலை நரைத்தவர்கள் பொம்மைப் புத்தகத்துக்கு அலைகிறார்களே என்று இலக்கியக் கூட்டங்களில் உதடு சுழிக்கும் கனவான்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் உருவானது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதனைக் கண்டு, ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தமிழை வேகமாக வாசிக்கப் பழகினார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு ராணி காமிக்ஸ் தொடங்கி 2005 வரை நீடித்தது. பாடநூலுக்கு வெளியே முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்த பெருமிதத்தைப் பலருக்கு வழங்கியவை இவைதான். அந்த நன்றியை ஐம்பது வயதிலும் ஒருவர் மறக்காமலிருந்தால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மேலும், இந்த ரசிகர்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. பழைய இதழ்களில் மூல எழுத்தாளர் யார், ஓவியர் யார், எந்த நாட்டுத் தொடர் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. மொழிபெயர்த்தவர் பெயரும் அப்படித்தான். எந்தக் கதை எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பட்டியலிட்டவர்கள் ரசிகர்களே. பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத ஒரு நூலியல் வேலையைச் சம்பளமின்றிச் செய்த மனிதர்கள் இவர்கள்.

உதடு சுழிக்கும் கனவான்களின் அலமாரிகளையும் நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்திட்ட பிரதி, முதற்பதிப்பு, நின்றுபோன சிற்றிதழின் முழுத்தொகுப்பு. இரவல் கேட்டால் அங்கும் அதே பதற்றம்தான். மணிக்கொடியைப் பூட்டி வைத்திருப்பவர் மாயாவியைப் பூட்டி வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு எந்த உரிமையும் இல்லை. நோய் ஒன்றே, உறைதான் வேறு.

அந்த நோய்க்குப் பொருளாதாரம் ஒன்று உண்டு. மலிவான தாளில் அச்சான இவ்விதழ்கள் படித்து முடித்ததும் எடைக்குப் போயின. பொது நூலகங்கள் இவற்றை நூலாக மதித்துச் சேர்த்துவைக்கவில்லை. பள்ளிக்கூடம் பறிமுதல் செய்தது, அம்மாக்கள் அடுப்பெரித்தார்கள். எஞ்சியவை சிலவே என்பதால் அவற்றுக்கு அருமை கூடியது. அதுவரை சரி. பிறகு நடந்ததுதான் தவறு. பெல்ஜியக் கதாசிரியர் ழான் வான் ஆம், ஓவியர் வில்லியம் வான்ஸ் ஆகியோரின் பதின்மூன்று என்ற எண் பெயர் கொண்ட நாயகனின் தொடர், 2010இல் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் ஒரே பெருந்தொகுப்பாகத் தமிழில் வந்தது. விலை 200 ரூபாய். அளவாக அச்சிடப்பட்ட அந்தப் புத்தகம் தீர்ந்துபோனதும் அதன் விலை ஆயிரங்களில் பேசப்பட்டது. அன்று முதல் சிலர் ஒரு புத்தகத்தை இரண்டு மூன்று பிரதிகள் வாங்கத் தொடங்கினார்கள். ஒன்று படிக்க, ஒன்று பாதுகாக்க, ஒன்று பின்னாளில் விற்க. காலப்போக்கில் படிப்பதற்கான பிரதி மட்டும் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கா முன்மாதிரி. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938இல் பத்து சென்ட். அதன் பிரதியொன்று 2024இல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே பழைய இதழைப் பரிசோதித்து, மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தரும் நிறுவனம் இயங்குகிறது. அட்டையைப் பார்க்கலாம், பக்கத்தைப் புரட்ட முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. படிக்கப்படாமல் இருப்பதே தகுதியாகிவிட்ட ஒரு பொருளைப் புத்தகம் என்று அழைப்பதற்கு எனக்கு நா எழவில்லை. நண்பரின் பாலிதீன் உறை அந்தப் பெட்டியின் ஏழைத் தம்பி.

அமெரிக்காவரை போவானேன்? கடலூரிலிருந்து பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரம். பூட்டி வைப்பதால் நூலுக்கு என்ன நேரும் என்பதைத் தமிழர்களுக்குச் சொன்ன மிகப் பழைய கதை அவ்வூரினுடையது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் அதைச் சொல்கிறது. மூவர் பாடிய தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் இருக்கின்றன. நம்பியாண்டார் நம்பியோடு அரசன் வந்து கேட்கிறான். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கப்படும் என்கிறார்கள் காவலர்கள். அரசன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறக்கிறான். உள்ளே புற்று. கரையான் தின்று எஞ்சியவற்றிலிருந்து தொகுக்கப்பட்டதாக மரபு சொல்லும் பதிகங்கள் இன்று எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. மனமுடைந்து நின்றவர்களுக்கு, இக்காலத்துக்கு வேண்டியது எஞ்சியிருக்கிறது என்று அசரீரி ஆறுதல் சொன்னதாம்.

இது வரலாறா, புராணமா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதன் அமைப்பைக் கவனியுங்கள். அந்தக் காவலர்கள் திருடர்கள் அல்லர். சுவடியைப் பெரும் பொருளாக மதித்தவர்கள். மதித்ததால்தான் பூட்டினார்கள். சேகரிப்பவர்கள் ஒவ்வொருவரும் இக்கதையில் தங்களை நம்பியின் இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் நிற்பது கதவின் மறுபக்கத்தில். நமக்கு ஆறுதல் சொல்ல அசரீரியும் வராது.

அதே சிதம்பரத்தில் இதற்கு மாற்றான மனிதர் ஒருவரும் வாழ்ந்தார். உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை அங்குள்ள மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அவரை விடப் பெரிய சேகரிப்பாளர் தமிழில் யார்? அவர் ஏட்டைத் தேடியது அச்சிட்டுக் கொடுப்பதற்காக. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது அந்நூல் ஏடு வைத்திருந்தவர்களின் கையிலிருந்து படிக்கத் தெரிந்த எல்லோருடைய கைக்கும் மாறியது. ஏட்டின் அருமை குறைந்தது. நூலின் ஆயுள் கூடியது. சேகரிப்பின் இலக்கணம் இதுவென்றே நான் கொள்கிறேன்.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு தனிமனிதரின் மோகம் பொதுச்சொத்தாக மாறியதால் எத்தனை ஆய்வுகள் பிறந்தன! கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகளை இன்று பிழை களைந்த பதிப்பில் படிக்கிறோம் என்றால், அவை முதலில் வெளியான பழைய இதழ்களை யாரோ பாதுகாத்தார்கள், கேட்டபோது திறந்தும் கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். பாதுகாத்து மட்டும் வைத்திருந்தால் நமக்குப் பயன் என்ன?

இனி எதிர்வாதங்கள். என் காசு, என் புத்தகம் என்பது முதலாவது. சட்டப்படி சரி. ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசிச் சில பிரதிகளில் ஒன்று உங்களிடம் இருக்கும்போது, நீங்கள் அதன் உரிமையாளர் மட்டுமல்லர், தருமகர்த்தாவும்கூட. கோயில் நகையைத் தருமகர்த்தா வீட்டில் வைத்துக்கொண்டால் நாம் என்ன சொல்வோம்?

நாங்கள் சேர்த்ததால்தானே இது பிழைத்தது என்பது இரண்டாவது. உண்மை, அதற்கு நன்றி. ஆனால் எவ்வளவு நாள் பிழைக்கும்? நண்பர் இருப்பது கடலூர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்து கூரைகளைப் பெயர்த்தது. 2015 மழையில் மாவட்டமே மிதந்தது. இந்த மண்ணில் இருந்துகொண்டு, ஒரே மாடியறையில் ஒரே பீரோவில் பூட்டிய தாள் நிலைத்திருக்கும் என்று நம்புவது பேதைமை. நூல் பிழைப்பது பலரிடம் பரவியிருப்பதால். வெள்ளம் வராவிட்டாலும் மரணம் வரும். பிள்ளைகளைத் தொடவிடாத புத்தகத்தின்மீது பிள்ளைகளுக்கு என்ன பாசம் இருக்கும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாசலில் பழைய பேப்பர்காரரின் தராசு நிற்கும். ஆயிரங்களில் பேசப்பட்ட இதழ் கிலோக் கணக்கில் போகும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இலவசமாக இறைத்துவிடலாமே என்பது மூன்றாவது. இதை நான் ஏற்கவில்லை. முத்துவும் லயனும் இன்றும் வந்துகொண்டிருக்கும் வெளியீடுகள். வெளிநாட்டு உரிமையைப் பணம் கட்டிப் பெற்று, சில ஆயிரம் வாசகர்களை நம்பி நடக்கும் சிறு பதிப்பகம் அது. அதன் வயிற்றில் அடித்துவிட்டு வாசிப்பை வளர்ப்பதாகச் சொல்ல முடியாது. பழைய கதைகள் மறுபதிப்பாக வரும்போது கள்ளச்சந்தை விலை சரிவதை நாம் கண்டோம். அப்போது உண்மையான வாசகர் மகிழ்ந்தார். முணுமுணுத்தவர்கள் யார் என்பதும் தெரிந்தது. மறுபதிப்பு வேண்டாம், பழசுக்கு மதிப்புப் போய்விடும் என்று ஒரு ரசிகர் சொல்வாரானால், அவர் ரசிப்பது கதையை அல்ல, அடுத்தவரிடம் அது இல்லை என்பதை.

நான் கேட்பவை மிக எளியவை. உங்களிடம் இருப்பதன் பட்டியலை வெளியிடுங்கள். எந்த இதழ் எங்கே இருக்கிறது என்றாவது தெரியட்டும். இரண்டாவது, மூன்றாவது பிரதிகளை ஒரு பள்ளி நூலகத்துக்கோ ஆய்வு நூலகத்துக்கோ கொடுங்கள். ஆய்வாளரோ பழைய வாசகரோ கேட்டால் உங்கள் கண்முன் அமர்ந்து படிக்க அனுமதியுங்கள். உங்களுக்குப் பின் இத்தொகுப்பு யாரிடம் போகவேண்டும் என்று உயில் எழுதுங்கள். மாவட்டத்தில் நெய்வேலிப் புத்தகக் காட்சி 1998 முதல் நடந்துவந்திருக்கிறது. அதுபோன்ற இடத்தில் ஒரு மேசை போட்டு, பழைய இதழ்களை வைத்து, குழந்தைகளை உட்கார்ந்து படிக்கவிட எத்தனை செலவாகும்? சில பக்கங்கள் கிழியும். கிழியட்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோது வாடகை நூல்நிலையத்திலிருந்து எடுத்து, அட்டை இல்லாமல், கடைசிப் பக்கம் இல்லாமல், ஐந்து பேர் தலைமோதிப் படித்த இதழ்கள்தாம் நம்மை ஆக்கின. முடிவு தெரியாத கதைகளுக்கு நாமே முடிவு கட்டிக்கொண்டோம்.

இதைப் படித்தால் நண்பர் கோபிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ளட்டும். அவரிடம் எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பத்து வயதில் அந்த இதழை உங்கள் கையில் முதலில் கொடுத்தவர், பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று சொல்லியிருந்தால், இன்று உங்கள் வீட்டு மாடியில் அந்த பீரோக்கள் இருந்திருக்குமா? அன்று உங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், சார். உங்கள் மகள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.