காலை எடுக்கப் பணம், மாத்திரைக்கு இல்லை

“அதான் கார்டு இருக்கே, அப்புறம் என்ன?” சர்க்கரை ஏறியிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றால் நம் ஊரில் வரும் பதில் இது. அரசு தந்த அட்டையோ ஏஜென்ட் தலையில் கட்டிய பாலிசியோ, காப்பீடு இருந்தால் மருத்துவமே கிடைத்துவிட்டதாக நம்புகிறோம். இந்த நம்பிக்கை உடம்புக்குக் கேடு.

காப்பீடு எதற்குத்தான் பணம் தருகிறது? பெரும்பாலான பாலிசிகள், ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால்தான் வாய் திறக்கும். கண்புரை, டயாலிசிஸ் போலச் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. படுக்காமல் போய்ப் பார்க்கும் டாக்டர் ஃபீஸ், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நம் கைக்காசு. ஆக, மாத்திரைக்குத் தராத கம்பெனி, மாத்திரை போடாமல் கால் அழுகினால் அந்தக் காலை எடுக்கத் தருகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை, அரசும் இதே வழியில்தான் போனது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி, 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தும் சேர்ந்துகொள்ள, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றார்கள். இதய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் நிலையிலிருந்து பல ஏழைகளை இவை காத்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த இதயம் பழுதாகாமல் இருக்கத் தினமும் போடவேண்டிய மாத்திரையைத் தருவது வேறொரு ஏற்பாடு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிரீமியம் கிடையாது, முன் அனுமதி கிடையாது. வரிசை உண்டு, டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சீட்டு எழுதி முடித்துவிடுவதும் உண்டு. இதைத் தட்டிக் கேட்கவேண்டிய நடுத்தர வர்க்கம், கார்டை நம்பி ஜி.ஹெச். பக்கம் வருவதையே விட்டுவிட்டது. கேட்கத் தெரிந்தவர்கள் காலி செய்த இடம் எப்படிச் சீராகும்?

சரி, படுத்தாகிவிட்டது, அப்போதாவது கார்டு முழுசாகத் தாங்குமா? 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு சதவீத வரம்பு இருந்தால், நாளுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறை எடுத்தவர் மீதி 3,000-ஐக் கட்டினால் போதும் என்று நினைப்பார். ஆனால் பல பாலிசிகளில் அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். மருந்திலும் உள்ளே வைக்கும் ஸ்டென்டிலும் இப்படி வெட்டக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. டிஸ்சார்ஜ் அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. இவற்றைச் சொல்லிக் கேட்பவர் அபூர்வம். பணம் தர மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பாலிசி எடுக்காதீர்கள் என்று சொல்லவரவில்லை, தாராளமாக எடுங்கள். பி.பி. பார்க்க மட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அங்கே சொன்னால், திரும்பி வராமல் ஏன் தீர்ந்தது, எப்போது வரும் என்று கேளுங்கள்.