ஒரு ஜாடி பரணில் இருக்கட்டும்!

வருஷத்துக்கு ஆவக்காய் போடுகிற எந்தப் பெண்ணும் மொத்தத்தையும் ஒரே ஜாடியில் வைப்பதில்லை. தினமும் எடுக்க ஒரு சின்ன ஜாடி. மீதியெல்லாம் வாயில் துணி கட்டி, கை படாமல் பரண் மேல். கீழே இருப்பதில் யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுப் பூஞ்சைக் காளான் பிடித்தாலும், மேலே இருப்பது பிழைத்துக்கொள்ளும். சகோதரிகளே, வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் கணக்கையும் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் தையல் யூனிட் நடத்துகிறாள். நாலு மெஷின், கூலிக்கு ஐந்து பெண்கள். பள்ளி யூனிஃபாரம் ஆர்டர், பிள்ளைகளின் அளவு, வர வேண்டிய பாக்கி, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். போன ஜூனில், வேலை நெருக்கடியான நேரத்தில், 'பில்' என்று ஈமெயிலில் வந்த ஒன்றை அங்கே யாரோ திறந்திருக்கிறார்கள். மறுநாள் காலை என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குது. பேரெல்லாம் மாறிக் கிடக்கு. பணம் கட்டினாத்தான் சாவி குடுப்போம்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு!"

இதற்குப் பெயர்தான் ரான்சம்வேர். திருடன் நம் பீரோவுக்கே தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்கு விலை பேசுகிறான். பூட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பதை நகல் எடுத்துக்கொண்டு, 'வெளியே விட்டுவிடுவேன்' என்று மிரட்டுகிறவனும் உண்டு.

அவள் காப்பு நகல் வைத்திருக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்திருந்தாள். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது. அதற்கும் சேர்த்துப் பூட்டு விழுந்துவிட்டது! நானூறு பிள்ளைகளுக்கு மறுபடியும் அளவு எடுத்தார்கள். பாக்கியில் யார் எவ்வளவு தர வேண்டும் என்றே தெரியவில்லை. அவர்களாகக் கொடுத்ததுதான் வந்தது. அந்த மாதக் கூலியைத் தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள்.

சின்னத் தொழில் என்பதால் வந்த கஷ்டமா இது? இல்லவே இல்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் இப்படி முடங்கியபோது, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டி வந்தது.

டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனி கதையைக் கேளுங்கள். 2017 ஜூன் 27-ஆம் தேதி 'நாட்பெட்யா' என்ற வைரஸ் அங்கே புகுந்தது. பணம் கேட்பது போல் நடித்ததே தவிர, கொடுத்தாலும் திறக்க வழியில்லாத பூட்டு அது. கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் யார் யாருக்கு அனுமதி என்ற பதிவேட்டைச் சுமார் 150 சர்வர்கள் வைத்திருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற தைரியம். ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால், எல்லாமே ஒன்றாய் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில். எப்படித் தெரியுமா? அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் இல்லை! இணைப்பு அறுந்திருந்த அந்த ஒன்றை வைத்துத்தான் கம்பெனியே எழுந்து நின்றது.

நாம் மின்வெட்டை நம்பியிருக்க வேண்டாம். கையால் கழற்றி வைத்தால் போதும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலைக்குள் இரண்டும் அடங்கும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கணக்கு, ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி, டிசைன் படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு, பேக்கப் எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது டிஸ்க். இப்படி மாற்றி மாற்றி எடுத்தால், செருகிய நேரத்தில் ஒன்றை வைரஸ் பிடித்தாலும் மற்றது தப்பும்.

மாதம் ஒரு முறை ஒரு நகலை அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் பீரோவும் சேர்ந்துதானே நனைந்தது?

"எனக்கு எல்லாம் கூகுள் டிரைவில் தானாக ஏறிவிடுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். பூட்டு விழுந்த ஃபைலும் தானாகத்தான் ஏறும். பழைய பிரதி அங்கே கொஞ்ச நாள் இருக்கும் என்றாலும், அதை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன? கம்ப்யூட்டர் 'அப்டேட்' கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். தெரியாதவர் அனுப்பும் பில்லை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

அப்படியும் பூட்டு விழுந்துவிட்டால் பதறாதீர்கள். உடனே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையில் தெரிவதை செல்போனில் படம் பிடியுங்கள். முக்கியமாக, பத்திரமாக வைத்த டிஸ்க்கை அந்த நேரத்தில் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள்! தெரிந்தவர் வந்து கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பிறகுதான் செருக வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2016-இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' இணையதளத்தில், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தையல்காரப் பெண்ணிடம் இப்போது இரண்டு டிஸ்க் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் நகல் எடுத்துக் கழற்றிவிடுகிறாள். கால் மணி நேரம்கூட ஆவதில்லையாம். உங்கள் வீட்டில் அதற்கு எந்தக் கிழமை என்று இன்றைக்கே காலண்டரில் ஒரு வட்டம் போடுங்களேன்!