பழக்கமா, விலையா, பட்டறையா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் மல்லிகை கொண்டுவரும் விவசாயி, பெரும்பாலும் கடை கடையாக விலை விசாரிப்பதில்லை. நேராகத் தன் வழக்கமான கமிஷன் கடைக்குப் போகிறார். மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தது அந்தக் கடைதான். கடைக்காரரும் அந்தத் தோட்டத்துப் பூவை நம்பித்தான் வெளியூர் ஆர்டர் எடுக்கிறார். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாய் வார்த்தைதான்.

இதே பழக்கத்தோடு கப்பலூர் சிட்கோவில் பட்டறை வைத்திருப்பவர் ஒரு பெரிய வெளிநாட்டு கார் கம்பெனிக்கு உதிரிபாகம் விற்கப் போனால் என்ன நடக்கும்?

அமெரிக்க கம்பெனி என்றால் முதல் கேள்வி பெரும்பாலும் விலைதான். 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவரான லோபஸ், ஏற்கெனவே முடிந்த ஒப்பந்தங்களைக்கூட மறுபடி திறந்து விலையைக் குறைக்கச் சொன்னார். பல வருடப் பழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. அந்த ஜி.எம்.முக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பியது, மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். 1996-ல் ஜி.எம்.மின் சிறந்த சப்ளையர் விருதையும் வாங்கியது. கட்டுப்படியாகும் விலை, குறையில்லாத சரக்கு, சொன்ன தேதி: அங்கே பேசியது இவைதான்.

ஜப்பான்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் விலைக்கு வரமாட்டார்கள். முதலில் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கருவிகள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா, பழுது வந்தால் ஏன் வந்தது என்று தொழிலாளிக்குத் தெரிகிறதா என்று கவனிப்பார்கள். முதல் ஆர்டர் சின்னதாகத்தான் வரும். ஆனால் ஒருமுறை சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் கைவிடமாட்டார்கள். குறை இருந்தால் ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இது பிறவிக் குணமும் இல்லை. அமெரிக்காவின் கிறைஸ்லரே 1990-களில் ஜப்பான் வழியைப் பின்பற்றி, சப்ளையர்களோடு நீண்டகால உறவை வளர்த்துக்கொண்டது.

நம் ஊர்ப் பழக்கத்திலும் பலம் உண்டு. அவசரத்துக்குக் கைகொடுப்பது அதுதான். ஆனால் முன்பணம் வாங்கிய விவசாயிக்குப் பக்கத்துக் கடையில் கூடுதல் விலை கிடைத்தாலும் போக முடியாது. பழக்கத்தை மட்டும் நம்பிய பட்டறைக்கோ, வாங்குபவர் மாறினால் ஆர்டர் போய்விடும்.

புது ஆர்டர் தேடிப் போகிறவர்கள், எதிரில் இருப்பவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனிக்க வேண்டும். விலை கேட்டால் கணக்கு நோட்டு, பட்டறையைக் கேட்டால் துடைத்த தரை, ஊரைக் கேட்டால் ஒரு காபி. மூன்றையும் தயாராக வைத்திருப்பவருக்கே ஆர்டர்.