நடைபாதையின் உயரம்

முதியோர் நலம் என்றதும் நம் அரசுக்கும் நமக்கும் ஒருசேர நினைவுக்கு வருபவை முதியோர் இல்லமும் ஓய்வூதியமும்தாம். தெரு நினைவுக்கு வருவதில்லை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒன்று, இந்திய நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகளின் கடமை, தீர்ப்பாயம், முதியோர் இல்லம், மருத்துவம் ஆகியவற்றை அது பேசுகிறது. மற்றொன்று, முதியோருக்கு உகந்த நகரங்கள் குறித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி. அதற்காக 33 நகரங்களில் ஏறத்தாழ 1500 முதியோரைக் குழுக்களாக அமர்த்தி, உங்கள் ஊரில் உங்களுக்கு எது இடர், எது உதவி என்று கேட்டார்கள். புது தில்லியும் உதயப்பூரும் அந்நகரங்களுள் அடங்கும். முன்னது முதியவரைப் பராமரிக்கப்பட வேண்டியவராகக் கண்டது. பின்னது அவரிடம் கேள்வி கேட்டது.

நம் புனைகதைகளும் இவ்விஷயத்தில் சட்டத்தின் பக்கமே நிற்கின்றன என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. கிழவர்களைத் திண்ணையிலும் சாய்வு நாற்காலியிலும் உட்கார வைத்தே பழகிவிட்டோம். அவர் எழுந்து பால் வாங்கப் போனால் என்ன ஆகிறது என்பதைத் தெருவில்தான் பார்க்க வேண்டும்.

சென்னையின் உட்தெரு எதையேனும் எடுத்துக்கொள்வோம். நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைப் பேரவையின் நெறிமுறை. நாம் காண்பதோ முழங்காலைச் சோதிக்கும் உயரம். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வண்டி ஏறுவதற்கென வெட்டிய சரிவு, நடுவில் மின்மாற்றிப் பெட்டி. பத்து வீடு கடப்பதற்குள் பத்து முறை இறங்கி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர் இரண்டாவது வாயிலிலேயே சாலையில் இறங்கிவிடுகிறார். பிறகு, நடைபாதை இருந்தும் மக்கள் பயன்படுத்துவதில்லை என்ற குற்றச்சாட்டு வேறு.

சாலையைக் கடப்பதும் இத்தகையதே. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொண்டு கணக்கிடுவதே பல நாடுகளின் வழக்கம். 65 வயதைக் கடந்தோரில் பெரும்பாலோர் அவ்வளவு விரைவாக நடப்பதில்லை என்று இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. 15 மீட்டர் அகலச் சாலைக்கு அந்தக் கணக்கு தருவது பன்னிரண்டரை நொடி, நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கோ ஏறத்தாழ பத்தொன்பது நொடி தேவை. மிச்ச ஆறு நொடியும் அவர் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் மூத்தோர் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரிகிறது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

அதே சிங்கப்பூரிலும் பழைய அடுக்ககங்களின் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. கட்டியபோது குடியேறியவர்கள் இளையோர். கட்டடத்தோடு சேர்ந்து அவர்களும் மூத்தார்கள். 2001 முதல் பெருஞ்செலவில் அதனைத் திருத்த நேர்ந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த நம் மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் மின்தூக்கியே கிடையாது. மூன்றாம் மாடியிலிருந்து கீழே வராமலேயே மாதங்கள் கழிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் அறுபது வயதானோருக்கு மாதம் பத்து இலவசப் பயணச் சீட்டு வழங்கும் திட்டம் 2016இல் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பேருந்தின் முதற்படியில் ஏற இயலாதவர் அச்சீட்டை என்ன செய்வார்? 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் சென்னைச் சாலைக்கு வந்தன என்றால், அதற்காக நீதிமன்றப் படியேறியவர்கள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்குப் போராடியவர்கள். பயனில் பெரும்பங்கு முதியோருக்கு.

கேட்க வேண்டும் என்கிறோம்; யாரைக் கேட்பது? இங்குதான் சிக்கல். குடியிருப்போர் நலச் சங்கங்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களும் முதியோரே. அவர்களைக் கேட்டால், நடைபாதைக் கடைகளை அகற்று என்பதே பல இடங்களில் முதற்கோரிக்கையாக இருக்கும். அந்நடைபாதையில் கீரை விற்பவளுக்கும் எழுபது வயது. அவளுக்கு வேண்டியது நிழலும், நடக்கும் தூரத்தில் ஒரு கழிப்பறையும். கழிப்பறை இல்லாததால் வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்களை நாம் அறிவோம். சங்கத்தின் குரலை மட்டுமே முதியோரின் குரலாகக் கொள்வதில் எமக்கு உடன்பாடில்லை. அவ்விருவரும் ஒரே பலகையில் அமர்ந்து பேசினால் சண்டை வரும், வரட்டும். நடக்க 1.8 மீட்டரும் கடைக்கு ஓரமும் எங்கே கிடைக்கும் என்பது அந்தச் சண்டையில்தான் தெரியவரும்.

அதற்கான இடம் புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை. தமிழக நகரங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. அவற்றில் முதியோருக்கென, குறிப்பாகத் தெருவிலேயே பிழைப்பு நடத்தும் முதியோருக்கென, இடம் ஒதுக்கலாம். கூட்டத்தை மாடியில் வைக்காதிருக்கலாம். கூட்டம் முடிந்தபின் வார்டுப் பொறியாளர் அவர்களுடன், அவர்களது வேகத்திலேயே, பால் கடை வரை ஒருமுறை நடந்து வந்து, அதன்பின் வரைபடத்தில் கை வைக்கலாம்.