இந்தியா முழுக்கப் பதிவு, சொந்த ஊரில் ஒரு சேனலுக்கு வழியில்லை

கேபிள் விதிகளில் 2025 ஜனவரியில் வந்த திருத்தம் பற்றி இந்த இதழ் என்ன நினைக்கிறது என்று ஆபரேட்டர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். பதிவு முறை மாறியதை வரவேற்கிறோம். அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய உரிமை வராமல் போனதைக் கண்டிக்கிறோம்.

நடைமுறையை முதலில் பார்த்துவிடுவோம். தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்காண்டு வாங்கிவந்த எல்.சி.ஓ. (உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்) பதிவு இனி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில்தான். ஐந்தாண்டு செல்லும், கட்டணம் 5,000 ரூபாய். ஆதார், பான் சரிபார்ப்பு முடிந்ததும் சான்றிதழ் வந்துவிடும். புதுப்பிக்க 90 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. கையில் உள்ள பழைய பதிவுக்கு 90 நாளுக்கும் குறைவாக ஆயுள் இருந்தால் காத்திருக்காமல் உடனே விண்ணப்பியுங்கள்.

கீழ்பென்னாத்தூர் ஆபரேட்டர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு அலைந்தது இதோடு முடிந்தது. ஆண்டுக்கு 500 என்று ஐந்தாண்டுக்கு 2,500 கட்டியவர் இப்போது இரட்டிப்பாகக் கட்டுகிறார். பாக்ஸ் எண்ணிக்கை மாதாமாதம் கரையும் நேரத்தில் அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் அதற்காக நாம் சண்டைக்குப் போகவில்லை.

நம் சண்டை வேறு. பழைய பதிவு அந்த அஞ்சலக எல்லைக்குள் மட்டும் செல்லும். புதியது இந்தியா முழுவதும் செல்லும். கீழ்பென்னாத்தூரில் நோடு வைத்திருப்பவர் நாளை கான்பூரிலும் கேபிள் இழுக்கலாம். அதே மனிதர் தன் தெருவில், தான் இழுத்த கேபிளில், தன் ஊர்ச் செய்தியை ஒரு மணி நேரம் காட்ட வழி இல்லை. இதை அமைச்சகம் சீர்திருத்தம் என்கிறது.

அனலாக் காலத்தில் கன்ட்ரோல் ரூமில் ஒரு மாடுலேட்டரும் பிளேயரும் இருந்தால் போதும், லோக்கல் சேனல் ஓடியது. ஊர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வேட்டவலம் சாலையில் புதிதாகத் திறந்த கடையின் விளம்பரம், எல்லாம் அதில்தான். டாஸ் என்ற டிஜிட்டல் முறை வந்தது, சேனல்களைத் திரட்டித் தரும் எம்.எஸ்.ஓ. நிறுவனத்தின் ஹெட்எண்டில் என்கிரிப்ட் ஆகி வருவதை அப்படியே கடத்துகிற வேலை மட்டும் நமக்கு மிஞ்சியது. பிளாட்ஃபார்ம் சர்வீஸ், அதாவது கேபிள் நிறுவனமே நடத்தும் சொந்தச் சேனல்கள் பற்றி, ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 நவம்பரில் பரிந்துரை கொடுத்தது. அமைச்சகம் எட்டாண்டு தூங்கி, 2022 நவம்பர் 30 அன்று வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் உரிமை முழுவதும் எம்.எஸ்.ஓ.வுக்கு. மாநில அளவில் அவர் மொத்தச் சேனல் கொள்ளளவில் ஐந்து சதவீதம் வரை இப்படிச் சேனல் நடத்தலாம். மாவட்டத்துக்குக் கூடுதலாக இரண்டு சேனல். ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், ஆனால் உள்ளூர்ச் செய்தி தர வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் 12 தாலுகா. செய்யாறும் ஜமுனாமரத்தூரும் கீழ்பென்னாத்தூரும் அந்த இரண்டு சேனலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமாம். இந்தச் சேனல்களை மற்ற நிறுவனங்களோடு பகிரக் கூடாது, ஆனால் கோயில் போன்ற வழிபாட்டு இடங்களின் நேரலையை மட்டும் பகிரலாம் என்று பெருந்தன்மையாக விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கார்த்திகை தீபத்தை ஊர் உலகமே காட்டுகிறது. அதற்கு நாம் எதற்கு? 2024 டிசம்பர் 1 அன்று அதே மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட மழை நாளில் எந்த ஏரி நிரம்பியது, செஞ்சி சாலையில் பேருந்து ஓடுகிறதா என்பதைச் சென்னைச் சேனல்கள் எங்கள் ஊருக்கென்று சொல்லிக்கொண்டிருக்காது. சொல்லக்கூடியவர் கேபிள்காரர். அவருக்குத்தான் தடை.

கைபேசி வைத்திருக்கிற எவரும் இன்றைக்கு யூடியூபில் ஊர்ச் செய்தி வாசிக்கலாம். அவர் பதிவு செய்ய வேண்டாம், கம்பெனி தொடங்க வேண்டாம், ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் சேமித்து வைக்க வேண்டாம். ஆதார் கொடுத்து, பணம் கட்டி, சட்டத்துக்குள் நிற்கிற நாம் வாய் திறக்கக் கூடாது. பிரிட்டனில் லோக்கல் டி.வி.க்கென்றே தனி உரிமம் உண்டு. 2013-இலிருந்து அங்குள்ள நகரங்களில் அப்படிச் சேனல்கள் ஓடுகின்றன. அவை கொழிக்கின்றன என்று சொல்லவில்லை. கதவையாவது திறந்துவிட்டார்கள்.

தொழில் இருக்கிற நிலையைச் சொல்லத் தேவையில்லை. 2018-இல் 15.1 கோடியாக இருந்த கட்டணத் தொலைக்காட்சிச் சந்தா 2024-இல் 11.1 கோடி. 2024 ஜூலையில் என்.சி.எஃப். எனும் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பை டிராய் நீக்கியது. வீட்டுக்காரர் பாக்ஸையே கழற்றி வைக்கும் நேரத்தில் விலை ஏற்றும் சுதந்திரத்தால் யாருக்கு லாபம்? அதே ஆண்டு நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18-ம் ஒன்றாகி, விஜய்யும் கலர்ஸ் தமிழும் ஒரே கையில் போய்ச் சேர்ந்தன. மேலே இருப்பவர்கள் இணைந்து பெரிதாகிறார்கள். கீழே இருப்பவரிடம் மற்றவரிடம் இல்லாத சரக்கு ஒன்றுதான் உண்டு: அவருடைய ஊர். அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

எனவே அமைச்சகத்திடம் மூன்று கோரிக்கை. பதிவு பெற்ற எல்.சி.ஓ.க்கள் சேர்ந்து தாலுகாவுக்கு ஒரு சேனல் நடத்த அனுமதி வேண்டும். கம்பெனி நிபந்தனையைத் தளர்த்தி, தனிநபருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் இடம் தர வேண்டும். அந்தச் சேனலை எம்.எஸ்.ஓ.க்கள், அரசு கேபிள் உட்பட, ஸ்லாட் பணம் கேட்காமல் ஏற்ற வேண்டும்.

புதிய பதிவு எண் கைக்கு வந்ததும் அதைக் குறிப்பிட்டு இந்த மூன்றையும் அமைச்சகத்துக்கு எழுதுங்கள், நகலை நம் ஆபரேட்டர் சங்கத்துக்குக் கொடுங்கள். ஐயாயிரம் ரூபாய் கட்டியவர் கேட்கிறார், பதில் சொல்லட்டும்.