எரிமலை தங்கத்தைக் கக்கியதா?

பவுண் விலை ஏறும்போதெல்லாம் வகுப்பில் இந்தக் கேள்வி வரும்: "சேர், எரிமலை இருந்த இடத்தைத் தோண்டினால் தங்கம் கிடைக்குமா?" ஆசிரியர்கள் நாமும் "ஓம், பாறைக்குழம்போடு வந்ததுதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது அரைகுறைப் பதில்.

இந்தியாவின் கோலாரைப் பாருங்கள். அங்குள்ள பச்சைப்பாறை வலயம் சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு. அப்படியான பாறையில் தொன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். ஒரு மூக்குத்திக்கும் காணாது. அது ஆழத்தில் புதைந்து வெந்தபோது உள்ளிருந்த நீர் பிரிந்தது. கந்தகத்தின் துணையோடு தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலேறியது. வழியில் பாறையிலிருந்த இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள, தங்கம் வெள்ளைக் குவாட்ஸ் நரம்புகளில் படிந்தது. பின்னால் ஊடுருவிய கிரனைட்டுக் குழம்பும் அந்த நீருக்குப் பங்கு கொடுத்ததா என்று புவியியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், குறைந்துபோக மாட்டோம்.

ஆக, வெடிப்பு இல்லாவிட்டால் எரிமலைப் பாறை வெறும் பாறைதான். நரம்பு கிடைத்தாலும் தங்கம் சும்மா வருவதில்லை. கோலாரில் சுமார் 120 வருடங்களில் 800 தொன் அளவு எடுத்தார்கள். அதற்காக 3 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியவர்களில் பெருந்தொகையானோர் தமிழ்த் தொழிலாளர்கள். 2001 பெப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

நாளைக்கு ஒருவர் பச்சைக் கல்லொன்றைக் காட்டி "உள்ளே தங்கம், காசு போடுங்கள்" என்று வந்தால், "நரம்பு எங்கே?" என்று நம் பிள்ளை கேட்க வேண்டும். அடுத்த தவணை எரிமலைப் படம் கீறும்போது, பக்கத்தில் அந்த வெடிப்பையும் கீறுவோம்.