யாருடைய ரேகை? காலனியக் காலத்தைக் களமாகக் கொள்ளும் இளையோர் துப்பறியும் புதினம் குறித்து ஒரு கருத்துரை

பள்ளி நூலகத்தில் சுருக்கப் பதிப்பாகக் கிடைத்த துப்பறியும் கதையொன்றை ஏழாம் வகுப்பு விடுமுறையில் என் அம்மாச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குவளையில் பொடி தூவப்படுகிறது, ரேகை தெளிகிறது, குற்றவாளி அகப்படுகிறான். கதை முடிந்ததும் அவர் கேட்டார்: "ரேக எடுத்தாய்ங்கன்னியே, எல்லாத்துக்கிட்டயும் எடுத்தாய்ங்களா, நம்மகிட்ட மட்டுமா?" அவர் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையின் பெயர் காவல்துறைப் பதிவேட்டில் இருந்தது. இரவில் வேற்றூர் செல்ல அவர் 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டியிருந்தது. அந்த வினாவின் பொருளை நான் ஆய்வு மாணவியான பிறகே உணர்ந்தேன். காலனியக் காலத்தைக் களமாகக் கொண்டு இளையோருக்கு எழுதப்படும் துப்பறியும் புதினங்களை மதிப்பிட அதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

கைரேகைத் தடயம் இலண்டனில் பிறந்ததாகவே பெரும்பாலான வாசகர் எண்ணுவர். அதன் வரலாறு வங்காளத்தில் தொடங்குகிறது. 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னர் மறுத்துப் பேசலாகாது என்பதற்காக அவருடைய கைப்பதிவைத் தாளில் பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பெற்றது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பு பெரிது. எனினும் அம்முறை அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. இதுவே ஒரு நல்ல மர்மக் கதைக்குரிய கருதான்: திருடப்பட்ட பொருள் ஒரு பெயர்.

அம்முறை முதன்முதலாக நீதிமன்றம் ஏறிய வழக்குகளுள் ஒன்று ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்ட மேலாளரின் கொலை. அங்குக் கிடைத்த வங்கமொழிப் பஞ்சாங்கம் ஒன்றில் குருதி படிந்த பெருவிரல் பதிவு காணப்பட்டது. மேலாளரிடம் முன்னர் வேலை பார்த்தவரும் ஏற்கெனவே சிறை சென்றவருமான ஒருவரின் ரேகையுடன் அது பொருந்தியது. 1898இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றத்திற்குத் தண்டித்தது. கொலைக்குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுவித்தது. ரேகை ஒருவர் அங்கிருந்ததைச் சொல்லும், அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது என அந்நீதிமன்றம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தது. நம் சிறார் கதைகளில் வரும் துப்பறிவாளர் எவருக்கும் இந்நிதானம் இல்லை.

ஆனால் தனியொரு வழக்கில் காட்டப்பட்ட அந்நிதானம் சட்டத்தில் காட்டப்படவில்லை. 1871இல் இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், குற்றம் நிகழும் முன்னரே ரேகையைப் பதிந்து வைத்தது. மதுரை வட்டாரத்து மக்கள் அதற்கு இட்ட பெயர் 'ரேகைச் சட்டம்'. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட பலர் மாண்டனர். துப்பறியும் கதையின் இலக்கணப்படி முதலில் குற்றம் நிகழும், பின்னர்த் தடயம் கிடைக்கும், இறுதியில் ஆள் அகப்படுவார். இச்சட்டமோ ஆளிலிருந்து தொடங்கியது. அவருடைய தடயம் முன்கூட்டியே பெறப்பட்டது. அதற்குரிய குற்றம் வந்து சேரும்வரை பதிவேடு காத்திருந்தது.

இவ்வரலாற்றை அறியாமல் காலனியக் காலத்து மர்மக் கதை எழுத இயலாதா எனில், இயலும்; எழுதப்பட்டும் வருகிறது. இடர்ப்பாடு, நமக்குக் கிடைத்த முன்மாதிரிகளில் உள்ளது. கானன் டாயிலின் 'நால்வர் சின்னம்' என்னும் புதினத்தில் (1890) ஆக்ராவின் புதையல் இலண்டனுக்கு வருகிறது; உடன் வரும் அந்தமான் தீவினர், நச்சுமுள் ஊதும் கொடியவராக மட்டுமே வரையப்படுகிறார். அக்கதையைச் சுருக்குவோர் ஆசிரியரின் நடையைச் சுருக்குகின்றனர், இச்சித்திரத்தை மட்டும் முழுமையாக விட்டுவைக்கின்றனர். அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முன்னரே வந்த வில்கி காலின்ஸின் 'நிலாக்கல்' (1868) இதனினும் நேர்மையானது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் கொலை செய்து கைப்பற்றிய வைரம் அது என முதற்பகுதியிலேயே கூறப்பட்டுவிடுகிறது. பின்னர் ஆங்கில மாளிகையிலிருந்து அது காணாமற்போகும்போது, யார் வீட்டுப் பொருள் களவு போயிற்று என்னும் வினா வாசகர் உள்ளத்தில் ஓரமாக நின்றுகொண்டே இருக்கிறது. அந்நாவலின் இந்தியர்களும் மர்மப் புகையினூடேதான் வருகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இளையோருக்கு இவ்விரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கலாம் என்றால் நான் இரண்டாவதைக் கொடுப்பேன்.

தமிழ்ச் சூழலுக்கு வருவோம். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் துப்பறியும் நாவல்கள் காலனியக் காலத்திலேயே எழுதப்பட்டவை. அவர்களுக்கு அது நிகழ்காலம். அதனை ஐயுற்று நோக்க வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரிதாக எழவில்லை. பின்னர் வந்த கல்கியின் பெருவெற்றி 'சரித்திரக் கதை' என்றாலே பல்லவரும் சோழரும் என வாசக மனத்தில் நிலைநிறுத்திவிட்டது. காலனியக் காலம் சிறார் எழுத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறாகவே எஞ்சியது. அவ்வரலாறுகளின் தேவையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் மர்மக் கதைக்கு அவை உதவமாட்டா. ஏனெனில் அங்கே குற்றவாளி யார் என்பது முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெள்ளையர் கொடியவர், நம்மவர் நல்லவர் என முடிந்துவிட்ட கதையில் துப்பறிய ஒன்றுமில்லை. சட்டத்தை எழுதியவர் வெள்ளையர். பதிவேட்டை நிரப்பியவர்களுள் நம்மூர்க் காவலரும் கணக்கரும் இருந்தனர். இந்தச் சங்கடம் நுழையும் இடத்தில்தான் மர்மம் பிறக்கும்.

சான்றாக, எவரேனும் எழுத மாட்டார்களா என நான் ஏங்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளை 1716இல் கைது செய்யப்பட்டார். ஆளுநர் எபேர் அவருக்கு எதிராக நின்றார். இயேசு சபையினரும் அவரை விரும்பவில்லை. சாட்சிகள் தமிழில் கூறியவை மொழிபெயர்க்கப்பட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட்டன. மொழிபெயர்த்தவர் இயேசு சபையினரின் உபதேசியாருடைய மகன். என்ன எழுதப்பட்டது எனத் தெரியாமலேயே கையொப்பமிட்டோம் என்று சாட்சிகள் சிலர் பின்னர்க் கூறினர். நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு சென்று முறையிட்டார். இறந்தவரின் மீதான பழி பின்னர் நீக்கப்பட்டது. மகனே தரகர் பதவியில் அமர்ந்தார். வரலாற்றறிஞர் டானா அக்மான் 2017இல் இவ்வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளார். அதில் ஆவணங்கள் எம்மொழியில், யார் கையால் எழுதப்பட்டன என்பது முதன்மையான ஆய்வுப்பொருள்.

ஒரு மர்மக் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் உள்ளன: பொய்ச்சாட்சி, பூட்டிய அறை, கடல்கடந்த பயணம், காலம் கடந்து வெளிப்படும் உண்மை. தடயமோ குருதிக் கறையன்று, ஒரு கையொப்பம். அதனைப் பிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி போதாது, இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். கதைசொல்லியாக ஒரு சிறுவரும் வரலாற்றிலேயே இருக்கிறார். நைனியப்பரின் நெருங்கிய உறவினரும், பெரம்பூரில் 1709இல் பிறந்தவருமான ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்போது ஏழு வயதளவில் இருக்கும். அவரே பிற்காலத்தில், 1736 தொடங்கிக் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதியவர். குடும்பத்தில் ஒருவர், பிறர் எழுதிய தாளால் சிறைப்பட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நடப்பதையெல்லாம் தன் கையால் தமிழில் எழுதிவைத்தார். இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு உண்டு என ஆய்வாளராக நான் கூற மாட்டேன். புதின ஆசிரியர் கூறலாம். பிரபஞ்சன் அந்நாட்குறிப்பின் உலகத்தை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' எனப் பெரியோருக்கு எழுதிக்காட்டினார். பன்னிரண்டு வயதினர்க்கான வாசல் இன்னும் திறக்கப்படவில்லை.

சிறாருக்கு இத்துணைச் சுமை வேண்டுமா, அவர்கள் சுவைக்காகத்தானே படிக்கின்றனர் என்னும் மறுப்பு எழும். கருத்தரங்கு ஒன்றில் இக்கருத்தை நான் முன்வைத்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் ஏறத்தாழ இதையே கேட்டார். சுவை குன்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ராபின் ஸ்டீவன்ஸின் வரிசை நூல்களில் 1930களின் ஆங்கில உறைவிடப் பள்ளியில் நிகழும் கொலைகளை எழுதிவைப்பவள் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல் வாங் என்னும் சிறுமி. அவள் கேட்கும் ஏளனங்கள் விரிவுரையாக வருவதில்லை. கதையின் விறுவிறுப்பினூடே, அவளுடைய குறிப்பேட்டில் பதிவாகிக்கொண்டே செல்கின்றன. பிரித்தானியச் சிறார்களும் அவற்றை விரும்பியே படிக்கின்றனர். குறிப்பேடு யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நம் துறையைப் பற்றியும் ஒரு சொல். சிறார் இலக்கிய ஆய்வேடுகளில் பலவும் 'விழுமியங்கள்', 'அறக்கருத்துகள்' என்னும் தலைப்புகளின்கீழ்க் கதைகளை வகைப்படுத்தி முடிகின்றன. என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இயல் வரைவும் அவ்வாறே இருந்தது. நெறியாளர் அதனைத் திருப்பித் தந்தார். துப்பறியும் கதையில் 'நேர்மை' என்னும் விழுமியத்தைத் தேடிப் பட்டியலிடுவோர், அக்கதையில் திருடராக வருபவர் எந்தச் சமூகத்தின் சாயலில் படைக்கப்பட்டுள்ளார், காவலர் எந்த நூற்றாண்டின் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கிறார் என்பவற்றைக் கேட்பதில்லை. காட்டோரக் குடிசை, முரட்டு மீசை, இரவில் நடமாட்டம் என்னும் மூன்று குறிப்புகளால் ஒருவரை ஐயத்திற்குரியவராக்கும் வழக்கம் இன்றைய சிறார் கதைகளிலும் உண்டு. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. அதன் வருணனை மொழி நீங்கவில்லை.

அம்மாச்சி இப்போது இல்லை. நான் படித்த அந்தச் சுருக்கப் பதிப்பு எங்கள் பள்ளி நூலகத்தில் இன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு சென்றிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித்தாளில் முத்திரைக்கு இடமில்லை. அவ்வளவு பிள்ளைகள் அதனை எடுத்துச் சென்றிருக்கின்றனர்.